பைனல், ரியல் பைனல், சத்தியமாய் பைனல்

பி.காம். படித்தவனைத் தேடி ஊரில் இரண்டு வேலைக்குத்தான் வருவார்கள். ஒன்று, இன்கம்டாக்ஸ் பாரம் நிரப்ப. இன்னொன்று, படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்ப. முதலாவது எனக்குத் தெரியும். இரண்டாவது 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

போன வருஷம் ஏப்ரல் 2-ம் தேதி காலையில் ரெட்டிபாளையத்திலிருந்து மச்சான் போன். மச்சான் என்றால் தாய்மாமா மகன். அல்ட்ராடெக் சிமென்ட் ஆலை இருக்கிற ஊர் அது. ஊரில் பாதிப் பேர் சிமென்ட்டால் பிழைக்கிறார்கள், மீதிப் பேர் சிமென்ட் ஏற்றிப் போகும் லாரியால். மாமா இரண்டாவது கோஷ்டி. ஆறு லாரி, ஒரு புக்கிங் ஆபீஸ், ஒரு கம்ப்யூட்டர்.

"மாப்ளே, கம்ப்யூட்டர் டிஸ்க் 30-ம் தேதி சாயங்காலம் போயிருச்சு. வருஷக் கணக்கு முடிக்கணும். அரியலூர் மெக்கானிக் புது டிஸ்க் போட்டுக் குடுத்துட்டான். நீ வந்து பேக்கப்பை மட்டும் ஏத்திக் குடுத்துரு."

"பேக்கப் இருக்கா?"

"ஒண்ணா ரெண்டா... ஒம்பது இருக்கு!"

ஒன்பது இருக்கிறது என்று அவன் பெருமையாகச் சொன்னபோதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

* * *

அரியலூர்ப் பக்கம் போனதில்லையென்றால் ஒரு தகவல். அங்கே பூமிக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல் ஒரு காலத்தில் கடல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அலையடித்த இடத்தில் இப்போது டிப்பர் லாரி ஓடுகிறது. சுரங்கத்தில் கல்லுக்குள் சிப்பியும் நத்தையும் அப்படியே கல்லாகிக் கிடக்கும். பழசு கீழே, புதுசு மேலே என்று அடுக்கு அடுக்காய். உலகத்தின் பேக்கப்பை வெட்டியெடுத்து, அரைத்து, மூட்டை போட்டு, வீடு கட்டிக் கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. ரீஸ்டோர் என்றால் என்ன என்று இந்த ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் 'வேண்டாம்' என்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடி அரியலூர் மாவட்டம். சேவ், டெலீட், ரீஸ்டோர்... மூன்றையும் ஏழு வருஷத்தில் பார்த்துவிட்டார்கள்.

மாமா 2001-ல் 'அரியலூர் மாவட்டம்' என்று போட்டு ஆயிரம் லெட்டர் பேடு அடித்தார். நூறு தாள்கூடச் செலவாகவில்லை, மாவட்டம் காணாமல் போய்விட்டது. அத்தை அதை எடைக்குப் போடச் சொன்னார். மாமா பரணில் போட்டார். 2007-ல் இறக்கித் தூசு தட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ மாவட்டத்தையே அவர்தான் பரணில் வைத்துக் காப்பாற்றியதுபோல! ஒரே ஒரு இடைஞ்சல். நடுவில் டெலிபோன் நம்பருக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்திருந்தது. அத்தனை தாளிலும் உட்கார்ந்து கையால் 2 போட்டது நான். பேக்கப் எடுத்த நாளோடு உலகம் நின்றுவிடுவதில்லை என்ற பாடத்தை அப்போதே ரெனால்ட்ஸ் பேனாவால் எழுதியிருக்கிறேன். படித்த பாடம் ஞாபகத்தில் இருந்தால்தானே!

* * *

ஆபீஸுக்குள் நுழைந்ததும் மச்சான் பென் டிரைவ்களை மேஜையில் பரப்பினான். எட்டு. ஒன்பதாவது சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. மஞ்சள், குங்குமம் வைத்து. வருஷக் கடைசி என்பதால் 29-ம் தேதி புதிதாக வாங்கிப் பூஜை போட்டதாம்.

ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். உள்ளே இருந்த பெயர்கள்: பைனல். பைனல் நியூ. பைனல் நியூ 2. ரியல் பைனல். பழசு - அழிக்காதே. பழசு - அழிக்கலாம். ஒன்றின் பெயர் வெறும் 'அஅஅஅ'. சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

"இதுல எதுடா கடைசி?"

"சாமிகிட்ட இருந்ததுதான் கடைசி."

தேதியைப் பார்த்தேன். ஃபைல் உருவான தேதி மார்ச் 29. டிஸ்க் போனது 30. சரியாய்ப் போயிற்று என்று ரீஸ்டோர் அழுத்தினேன். ஏற்கெனவே அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதன் மேல் எழுதிவிடட்டுமா, ஆமாவா இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டது. புது டிஸ்க்கில் ஏது பழைய கணக்கு? இந்த மாதிரிக் கேள்விகளைப் படிக்காமல் 'ஆமா' அழுத்துவதைத்தான் நம்மில் பல பேர் கம்ப்யூட்டர் அறிவு என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். அழுத்தினேன்.

பத்தே நிமிஷத்தில் மெக்கானிக் போன். "சார், செத்த டிஸ்க்லேர்ந்து 30-ம் தேதி மத்தியானம் வரைக்கும் டேட்டாவை எப்படியோ உருவி எடுத்து அதுலயே போட்டு வச்சிருக்கேன். அது மேல மட்டும் எதையும் ஏத்திடாதீங்க."

எனக்கு வேர்த்தது. மச்சானைப் பார்த்தேன். "சொன்னான்ல... மறந்துட்டேன்" என்றான்.

"மறுபடி எடுக்க முடியுங்களா?"

"கடைசி மூச்சுல இருந்தப்ப எடுத்தது சார். இப்ப டிஸ்க் சுத்தவே இல்லை."

"நீங்க ஒரு காப்பி வச்சிருப்பீங்களே?"

"உங்க ஆபீஸ் கணக்கு எனக்கு எதுக்கு சார்?"

நியாயமான மனுஷர். அழித்த ஃபைலைச் சில சமயம் மீட்டுவிடலாம், அது உட்கார்ந்திருந்த இடம் காலியாய் இருக்கும்வரை. அதே இடத்தில் வேறொன்றை எழுதிவிட்டால் சிலேட்டைத் துடைத்துப் புது எழுத்து எழுதின கதைதான்.

ஏற்றிய கணக்கைத் திறந்தேன். கடைசி என்ட்ரி மார்ச் 17. சாமி பென் டிரைவ் 29-ம் தேதியதுதான். ஆனால் மச்சான் அன்றைக்குச் செய்தது, பழைய பென் டிரைவில் இருந்த 17-ம் தேதி பேக்கப்பை 'சேஃப்டிக்காக' அதில் காப்பி எடுத்தது. விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தால் 'உருவான தேதி' என்று காப்பி எடுத்த நாள் விழும். 'மாற்றப்பட்ட தேதி'தான் பழையபடியே இருக்கும். நான் பார்த்தது முதல் தேதி, பார்க்க வேண்டியது இரண்டாவது.

ஆக, மார்ச் 18-லிருந்து 30 வரை 13 நாள் காணோம். தொலைத்தவன், திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த பி.காம். பட்டதாரி.

* * *

கொஞ்சம் ஆறுதலுக்கு: இந்தப் பட்டியலில் நான் மட்டும் இல்லை. கிட்லேப் என்று ஒரு கம்பெனி. உலகம் முழுக்க சாஃப்ட்வேர்காரர்கள் தங்கள் புரோகிராம்களை, அதுவும் ஒவ்வொரு வெர்ஷனாக, பத்திரப்படுத்த நம்பிக் கொடுக்கும் இடம். 2017 ஜனவரி 31 ராத்திரி அங்கே ஒரு என்ஜினியர், காலியான சர்வர் என்று நினைத்து நிஜ சர்வரில் அழிக்கும் கட்டளையைப் போட்டுவிட்டார். ஒன்றிரண்டு செகண்டில் சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது நாலரை ஜி.பி. சரி, பேக்கப்? ஐந்து விதமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப் பல நாளாகவே எடுபடாமல் இருந்திருக்கிறது. 'எடுபடவில்லை' என்று எச்சரிக்க வேண்டிய ஈமெயிலும் போய்ச் சேராமல் இருந்திருக்கிறது! ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாய்க் கையால் எடுத்த ஒரு காப்பி இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். ஒன்றுக்காக அவர்களை மெச்ச வேண்டும். மீட்கும் வேலையை யூட்யூபில் நேரடியாகக் காட்டினார்கள். நான் என் விஷயத்தை மாமாவிடம் சொல்லவே ஒரு மணி நேரம் எடுத்துக் கொண்டேன்.

நம் ஊரிலும் உண்டு. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களை யாரோ பூட்டுப் போட்டு முடக்கிவிட்டார்கள். ஓ.பி. சீட்டு முதல் எல்லாம் பல நாள் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாமல் தனியாக இருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் விவரங்களை மீட்டார்கள். 'தனியாக' என்பதுதான் அதில் விசேஷம். கம்ப்யூட்டரோடு எப்போதும் ஒட்டிக் கொண்டிருக்கும் டிஸ்க்கில் பேக்கப் இருந்தால், பூட்டுகிறவன் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான்.

* * *

ரெட்டிபாளையத்துக்கு வருகிறேன். மாமாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "13 நாள்தானே, டிரிப் ஷீட்டைப் பார்த்துப் போட்டுக்கலாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. அது சாயங்காலம் வரைக்கும்தான்.

சாயங்காலம் ஒரு டிரைவர் அண்ணன் வந்தார். மாமாவிடம் இருபது வருஷமாய் வண்டி ஓட்டுகிறவர். மகள் காலேஜ் பீஸுக்காக 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். மாமா மானிட்டரைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நாப்பதும் அப்படியே நிக்குதே" என்றார்.

"பதினெட்டாயிரம் குடுத்துட்டேனே மொதலாளி, 22-ம் தேதி. தம்பிகிட்டதான் குடுத்தேன்."

மச்சான் முழித்தான். தினம் பத்துப் பேரிடம் பணம் வாங்குகிறவன். வாங்கினேன் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

டிரைவர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது: '22-3 ஆபீஸ் 18000.' அதற்கு மேலே டயர் பஞ்சர், கீழே உளுந்தூர்பேட்டை டீ.

மாமா நோட்டைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். "நீ பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா கம்ப்யூட்டர்ல இல்லியேப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தபோது, திட்டியிருந்தாலே தேவலை என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை மாமா. மார்ச் 17-ம் தேதிய உண்மையைச் சொல்லிக் கொண்டிருந்தது. அதைப் பொய்யாக்கினது நான்.

* * *

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். நீங்களும் செய்யலாம், செலவில்லை.

முதலில், இருக்கிற கணக்கை அப்படியே வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்தேன். அது தப்பான கணக்கானாலும் சரி. பிறகு ஒன்பது பேக்கப்புக்கும் ஒன்பது தனித்தனி ஃபோல்டர். எதையும் எதன் மேலும் ஏற்றவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து கடைசி என்ட்ரியின் தேதியைப் பார்த்து, அதையே ஃபோல்டருக்குப் பெயராக வைத்தேன். வருஷம், மாசம், தேதி என்ற வரிசையில். நம் வழக்கப்படி தேதியை முதலில் போட்டால் கம்ப்யூட்டர் ஏப்ரல் 1-ஐ மார்ச் 17-க்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். வருஷத்தை முதலில் போட்டால் அதுவே வயசுப்படி வரிசையில் நிற்கும். 'பைனல்' என்ற சொல் எங்கேயும் கிடையாது. உலகத்தில் பைனல் என்று பெயர் வைத்த எதுவும் பைனலாக இருந்ததில்லை, வருஷா வருஷம் ரிட்டயர் ஆகும் சில கிரிக்கெட் வீரர்கள் உட்பட.

இப்படிப் பிரதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எது எதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதில்லை. உ.வே.சாமிநாதய்யர் சிறு பையனாக இதே அரியலூரில் தமிழ் படித்தவர். பின்னாளில் அவர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடி 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது இருந்த கஷ்டம் இதேதான். ஒரு ஏட்டில் இருப்பது இன்னொன்றில் இராது. எழுதியவன் கை தவறியிருப்பான், பூச்சி அரித்திருக்கும். அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடவில்லை. ஒத்துப் பார்த்தார், வேறுபாடுகளைப் பாடபேதம் என்று குறித்து வைத்தார். ஓவர்ரைட் பண்ணாத மனுஷர். ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் தீயில் போட்டவர்களும் இருந்த காலத்தில்!

நம் கதையில் ஒன்பது ஏட்டையும் ஒத்துப் பார்த்ததில், எட்டு பிப்ரவரியும் அதற்கு முன்னும். ஒன்றே ஒன்று மார்ச் 17. பத்தாவது ஒன்று எங்கேயாவது இருக்குமா?

இங்கேதான் எனக்கு 'டாய் ஸ்டோரி 2' ஞாபகம் வந்தது. 1998-ல் பிக்ஸார் கம்பெனியில் யாரோ தவறாய் ஒரு கட்டளை கொடுத்து, பாதி வளர்ந்திருந்த அந்தப் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று மறைந்தன. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் பழுது. கடைசியில் காப்பாற்றியது, படத்தில் வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டர். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு காப்பி வைத்திருந்தார். போர்வை சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். பேக்கப் என்று நினைத்து யாரும் வைக்காதது, வேறு காரியத்துக்காக வைத்தது.

ராத்திரி பதினோரு மணிக்கு மச்சானை எழுப்பினேன். "மார்ச் கடைசியில இந்தக் கணக்கை யாருக்காவது அனுப்பினியா?"

கொட்டாவி விட்டான். "ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஜி.எஸ்.டி.க்கு ஏதோ கேட்டான். மெயில்ல அனுப்பினேன்."

அனுப்பிய மெயில்களைத் திறந்தோம். மார்ச் 24, சாயங்காலம். கூடவே ஒரு பேக்கப் ஃபைல். பெயர்: 'சத்தியமாய் பைனல்'.

பத்தாவது ஃபோல்டர். ஏற்றினேன். 22-ம் தேதி ரொக்க வரவு: டிரைவர் அட்வான்ஸ் கழிவு, 18,000.

மச்சானுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து போய் முகம் கழுவினான். 25-லிருந்து 30 வரை மிச்சம் ஆறு நாளை டிரிப் ஷீட், டீசல் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், டோல்கேட்டில் பாஸ்டேக் வெட்டிய மெசேஜ் எல்லாவற்றையும் வைத்து விடியும்வரை போட்டோம்.

* * *

காலையில் மாமாவுக்கு ஒரு சின்ன பிரசங்கம். பென் டிரைவ் ஒன்பது வேண்டாம், மூன்று போதும். தாத்தா, அப்பா, பிள்ளை என்று கம்ப்யூட்டர்காரர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். தினசரி எடுப்பது பிள்ளை, வாரம் ஒரு தடவை அப்பா, மாசம் ஒரு தடவை தாத்தா. பிள்ளை கெட்டுப்போனால் அப்பா, அப்பாவும் சரியில்லையென்றால் தாத்தா. மூன்றில் ஒன்றாவது ஆபீஸில் இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் சாமி படமும் சேர்ந்துதான் எரியும். மாசம் ஒரு நாள் ஒன்றை வேறு ஃபோல்டரில் ஏற்றித் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பும் பாக்கெட் பிரிக்காத பிரியாணியும் ஒன்று, உள்ளே கோழி இருக்கிறதா என்பது ஹோட்டல்காரருக்கே வெளிச்சம்.

மாமாவுக்குச் சுவாரசியப்படவில்லை. சட்டத்தை இழுத்தேன். "கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தை எட்டு வருஷம் வச்சிருக்கணும் மாமா. தினம் பேக்கப் எடுக்கணும்னு 2022-ல ரூல் வந்தாச்சு. யார் எந்த என்ட்ரியை எப்ப மாத்தினாங்கிற தடயத்தை சாஃப்ட்வேரே பதிவு பண்ணணும்னு 2023 ஏப்ரல் 1-லேர்ந்து கட்டாயம்."

"நாம கம்பெனி இல்லியே மாப்ளே. புரொப்ரைட்டர்தானே?"

சட்டத்தைப் பி.காம். படிக்காதவரே சரியாகச் சொல்லிவிட்டார். வாயை மூடிக் கொண்டேன்.

எட்டு மணிக்கு டிரைவர் அண்ணன் வண்டி எடுக்க வந்தார். மாமா எழுந்து நின்றார். அவர் ஆபீஸில் யாருக்கும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "கணக்குல இருக்குதுப்பா, இந்தப் பய ஏதோ அழிச்சிட்டான்" என்று என்னைக் காட்டினார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு டீ சொல்லுடா, வடையும்" என்றார். அவருடைய மன்னிப்பு வடை ரூபத்தில்தான் வரும்.

டிரைவர் அண்ணன் டீயைக் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். நாலாய் மடித்து நோட்டுக்குள் வைத்தவர், லாரியில் ஏறப் போய் மறுபடி திரும்பி வந்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டு எடுத்துக் குடுங்க. வண்டியில ஒண்ணு இருக்கட்டும், வூட்ல ஒண்ணு இருக்கட்டும்."

"மூணாவது எதுக்குண்ணே?"

"அது மொதலாளிகிட்ட இருக்கட்டும். அவருக்குத்தான் அடிக்கடி தொலையுது."